விதிமீறல் ஒன்று, கேள்விகள் வேறு: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் நாளிதழ்களும் வலைப்பதிவர்களும்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஒரு முறைகேடு வெளிவந்துவிட்டால், அதைப் பற்றிய பேச்சு இரண்டே நாளில் வேறொரு சண்டையாக மாறிவிடுகிறது. நாளிதழ்கள் பரபரப்புக்காகப் பெரிதுபடுத்துகின்றன என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். வலைப்பதிவர்கள் தங்கள் அணியைக் காப்பாற்றத் துடிக்கும் ரசிகர்கள், அவர்கள் எழுதுவதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டு குற்றச்சாட்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றாலும், ஒரே விதிமீறலைப் பார்த்து இந்த இரு தரப்பும் ஏன் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன என்பதை இரண்டுமே விளக்குவதில்லை. அதை, அமெரிக்க விளையாட்டைப் பின்தொடராதவருக்கும் புரியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் அடுக்ககமும் மூன்று வாசகர் கூட்டமும்

நகரத்தில் ஓர் அடுக்ககத்தின் பக்கவாட்டில் காலியாக விட வேண்டிய இடத்தில் கொஞ்சம் சேர்த்துக் கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளிதழில் அது "விதி மீறிய கட்டடத்துக்கு நோட்டீஸ்" என்ற செய்தியாக வரும். அதைப் படிப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தெருவே தெரியாது என்பதால், மீறல் நடந்ததா, அதிகாரிகளுக்கு முன்பே தெரியுமா என்ற இரண்டும்தான் அவர்களுக்குச் செய்தி. அதே நாளில் அந்த அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில், எத்தனை அடி மீறல், அபராதத்தோடு போகுமா அல்லது இடிப்பார்களா, எதிர்க் கட்டடத்தார் மொட்டைமாடியில் ஷெட் போட்டதை ஏன் யாரும் கேட்கவில்லை, புகார் கொடுத்த புண்ணியவான் யார் என்று விடிய விடியப் பேச்சு நடக்கும். எதிர்க் கட்டடத்தாரின் குழுவிலோ, யாராவது ஒருவர் அளவு நாடாவுடன் போய்ப் படமெடுத்து, நோட்டீஸில் இல்லாத இன்னொரு மீறலையும் கண்டுபிடித்துப் போட்டிருப்பார்.

இந்த மூவரில் எவரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. யாருக்காக எழுதுகிறோம், அவர்களுக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும், எந்த முடிவு வந்தால் யாருக்கு வலிக்கும் என்பவைதான் மூன்று குழுக்களின் கேள்விகளையும் பிரிக்கின்றன. கல்லூரி விளையாட்டிலும் முதலாமவர் நாளிதழ், இரண்டாமவர் அணியின் வலைப்பதிவர், மூன்றாமவர் போட்டி அணியின் வலைப்பதிவர்.

விதிகள் யாருடையவை, எப்படிப்பட்டவை

அமெரிக்காவில் பல்கலைக்கழகக் கால்பந்தும் கூடைப்பந்தும் பெரும் தொழில்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்து பார்க்கிறார்கள். இங்கே கால்பந்து என்பது தோளிலும் தலையிலும் கவசம் அணிந்து ஆடும் அமெரிக்க வகை. 1905இல் அந்த ஆட்டத்தில் பல மாணவர்கள் உயிரிழந்த நிலையில், அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் தலையிட்டுக் கல்லூரிகளைப் பேச வைத்தார். அதன் தொடர்ச்சியாக 1906இல் உருவாகி, 1910இல் இன்றைய பெயரைப் பெற்ற கூட்டமைப்புதான் என்.சி.ஏ.ஏ. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதன் உறுப்பினர்கள். விதிகளை இயற்றுபவர்களும் அவர்களே.

அந்த விதிகளில் பெரும்பகுதி, நெடுங்காலம் ஒரே கொள்கையின் மீது நின்றது. கல்லூரி வீரர் ஊதியத்துக்காக ஆடுபவர் அல்லர், மாணவர். ஆகவே கல்வி உதவித்தொகைக்கு மேல் அவர் எதையும் பெறக் கூடாது. இதுவே அமெச்சூர் கொள்கை. கொள்கை எளிது, அதைக் காக்க எழுதப்பட்ட விதிப் புத்தகம் எளிதல்ல. ஒரு காலத்தில் வீரர்களுக்கு இடைத்தீனியாக பேகல் ரொட்டி கொடுக்கலாம், ஆனால் அதன்மேல் எதையாவது தடவிக் கொடுத்தால் அது ஒரு வேளை உணவாகக் கணக்கிடப்பட்டு விதிமீறலாகிவிடும் என்ற அளவுக்கு அது நுணுகிப் போனது. மறுகோடியில், டெக்சஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பூஸ்டர்கள், அதாவது அணிக்குப் பணத்தை வாரி வழங்கும் வசதி படைத்த ஆதரவாளர்கள், வீரர்களுக்கு ரகசியமாகச் சம்பளமே கொடுத்துவந்தார்கள். தொடர்ந்து பிடிபட்டும் திருந்தாத அந்தப் பல்கலைக்கழகத்தின் 1987ஆம் ஆண்டுக் கால்பந்துப் பருவத்தையே என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது.

இன்னொரு செய்தியையும் மனத்தில் வைக்க வேண்டும். என்.சி.ஏ.ஏ. நீதிமன்றமோ காவல்துறையோ அல்ல. வெளியாரை வரவழைத்துச் சாட்சி சொல்ல வைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. பல்கலைக்கழகங்கள் தாமாக ஒப்புக்கொள்வதையும், பத்திரிகையாளர்கள் தோண்டி எடுப்பதையும் பெரிதும் நம்பியே அது இயங்குகிறது. ஆகவே இங்கே செய்தி என்பது பல வேளைகளில் விசாரணையின் விளைவாக இல்லாமல், விசாரணையின் தொடக்கமாகவே இருக்கிறது.

சுருங்கச் சொன்னால், ரொட்டியில் தடவியதும் ரகசியச் சம்பளமும் ஒரே புத்தகத்தின் கீழ் வரும் மீறல்கள், அந்தப் புத்தகத்தின் காவலருக்குக் கையில் பெரிய அதிகாரமும் இல்லை. நாளிதழும் வலைப்பதிவரும் பிரியும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

நாளிதழின் கேள்வி

நாளிதழ் பொது வாசகருக்காக எழுதுகிறது. அவருக்கு விதிப் புத்தகம் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆவலும் பெரும்பாலும் இருக்காது. எனவே நாளிதழின் கேள்விகள் அதிகாரத்தைக் குறிவைக்கின்றன: என்ன நடந்தது, யாருக்குத் தெரியும், தெரிந்தும் ஏன் மறைத்தார்கள்? பல மாதங்கள் உழைத்து, வழக்கறிஞரிடம் காட்டி, ஒரே நாளில் முதல் பக்கத்தில் வெளியிடும் பெரிய செய்தி அதன் வடிவம்.

1985இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் ஹெரால்ட்-லீடர் அப்படியொரு செய்தித் தொடரை வெளியிட்டது. கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் முன்னாள் வீரர்கள் 33 பேரிடம் அதன் செய்தியாளர்கள் பேசினார்கள். முறைகேடுகள் நடந்தது தங்களுக்குத் தெரியும் என்று 31 பேரும், தாங்களும் பெற்றுக்கொண்டதாக 26 பேரும் கூறினார்கள். ஆட்டம் முடிந்ததும் கை குலுக்கும் சாக்கில் பூஸ்டர்கள் உள்ளங்கையில் பணத்தை வைத்து அழுத்தும் வழக்கம் அப்போதுதான் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. தொடருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. உள்ளூரில் கிடைத்ததோ சந்தா ரத்தும் வெடிகுண்டு மிரட்டலும்.

அந்த நாளில் வலைப்பதிவு என்ற ஒன்றே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். ரசிகர்களின் கோபத்தை இணையம் உருவாக்கியது என்பது பரவலான தவறான கருத்து. கோபம் முன்பே இருந்தது; சந்தாவை நிறுத்துவதும் தொலைபேசியில் திட்டுவதும் தவிர அதற்கு அப்போது வழி இல்லை. பின்னாளில் அதற்கு எழுத இடம் கிடைத்தது. அதைவிட முக்கியமாக, விதிப் புத்தகமும் கைக்கு வந்தது.

வலைப்பதிவரின் கேள்வி: மிச்சிகன், 2009

இரு தரப்பும் நேருக்கு நேர் மோதியதைப் பார்க்க மிச்சிகனைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்குப் புதிதாக வந்திருந்த தலைமைப் பயிற்சியாளர் ரிச் ராட்ரிகெஸ், தம் முதல் ஆண்டான 2008இல் மூன்று வெற்றிகளும் ஒன்பது தோல்விகளும் பெற்றிருந்தார். 2009 ஆகஸ்ட் இறுதியில், அடுத்த பருவம் தொடங்கச் சில நாள்களே இருந்தபோது, டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் நாளிதழ் ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. வீரர்களிடம் வாங்கப்படும் உழைப்பு அனுமதிக்கப்பட்ட நேர வரம்பை வெகுவாகத் தாண்டுகிறது என்றும், முந்தைய பருவத்தின் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது மணி நேரம்வரை அணி வேலையிலேயே கழிந்தது என்றும் அது கூறியது. பெயர் வெளியிட விரும்பாத வீரர்களின் கூற்றுகளே அதன் முதுகெலும்பு.

விதி என்ன சொல்கிறது? பருவத்தின்போது வாரத்துக்கு 20 மணி, நாளுக்கு 4 மணி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஆனால் இந்த வரம்பு "கணக்கில் சேரும் நேரம்" எனப்படுவதற்கு மட்டுமே பொருந்தும். பயிற்சியாளர் கட்டாயப்படுத்தும் பயிற்சியும், அவர் நடத்தும் கூட்டங்களும், ஆட்டக் காணொளிகளை அவருடன் அமர்ந்து பார்ப்பதும் கணக்கில் சேரும். காயத்துக்குச் சிகிச்சை பெறுவதும், உணவு உண்பதும், வீரர் தாமே விரும்பிச் செய்யும் உடற்பயிற்சியும் சேராது. ஆகவே ஒரு வீரர் ஞாயிறு முழுவதும் அணிக் கட்டடத்திலேயே இருந்தாலும் விதி மீறப்படாமல் இருக்கலாம்.

பிரையன் குக் என்பவர் தொடங்கி நடத்திய எம்கோபிளாக் போன்ற மிச்சிகன் வலைப்பதிவுகள் பாய்ந்து பிடித்தது இந்த இடத்தைத்தான். ஒன்பது மணி நேரத்தில் கணக்கில் சேர்வது எவ்வளவு, சேராதது எவ்வளவு என்று செய்தி ஏன் பிரித்துச் சொல்லவில்லை, புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் பெருமிதத்தோடு சொன்ன சொற்களைக் குற்றச்சாட்டுக்குச் சாட்சியாக வைத்தது முறையா என்றெல்லாம் அவர்கள் கேட்டார்கள். கேட்டவர்களைப் பற்றி நமக்கு என்ன கருத்து இருந்தாலும், கேள்விகள் கூர்மையானவை. பொது வாசகருக்காக எழுதும் நாளிதழ் தாண்டிச் சென்றுவிடும் நுணுக்கம் அது. ஆண்டு முழுவதும் ஒரே அணியைப் பற்றி, அந்த அணியை உயிராக நினைக்கும் வாசகருக்காக எழுதுபவர் அதைத் தாண்ட முடியாது.

முடிவு இரு தரப்பையும் முழுமையாக மகிழ்விக்கவில்லை. பயிற்சி நேர வரம்பு மீறப்பட்டதையும், பயிற்சி அளிக்க அனுமதி இல்லாத பணியாளர்கள் பயிற்சியில் ஈடுபட்டதையும் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அதன் கால்பந்து வரலாற்றில் பெரிய மீறல் என்று வகைப்படுத்தப்பட்டது அதுவே முதல்முறை. மீறியதாகக் கணக்கிட்ட நேரத்தைப் போல் இருமடங்காக, 130 மணி நேரப் பயிற்சியை அது தானாகவே குறைத்துக்கொண்டது. 2010 நவம்பரில் என்.சி.ஏ.ஏ. மூன்றாண்டு நன்னடத்தைக் காலத்தை விதித்தது. அதாவது அந்தக் காலத்தில் மீண்டும் பிடிபட்டால் தண்டனை கடுமையாகும். ஆனால் உதவித்தொகை இடங்கள் பறிக்கப்படவில்லை, பருவ இறுதிப் போட்டிகளில் ஆடத் தடையும் விதிக்கப்படவில்லை. பயிற்சியாளர் மீதான குற்றச்சாட்டும் முதலில் இருந்ததைவிட மென்மையாக்கப்பட்டது.

மீறல் நடந்ததா என்ற கேள்விக்கு நாளிதழின் விடை சரியாக இருந்தது. எவ்வளவு பெரிய மீறல் என்ற கேள்விக்கு வலைப்பதிவர்களின் விடை உண்மைக்கு நெருங்கியிருந்தது. என் கணிப்பில் இரு தரப்பின் தவறும் ஒரே வகையானது: தன் கேள்விக்கான விடை மற்றவரின் கேள்வியைத் தீர்த்துவிட்டதாக இருவரும் எண்ணிக்கொண்டார்கள். மிச்சிகன் ரசிகர்களில் பலர் பல ஆண்டுகள் அந்த நாளிதழை மன்னிக்கவே இல்லை. ராட்ரிகெஸ் 2011 ஜனவரியில் நீக்கப்பட்டார். களத்தில் தோல்விகள் தொடர்ந்ததே அதற்கு முதன்மையான காரணம் என்பதால், ரசிகர்களின் கணக்கு அதோடும் தீரவில்லை.

போட்டி அணியின் ரசிகர் கையில் சான்று

வலைப்பதிவர் என்றால் தற்காப்பு வழக்கறிஞர் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் பாதியை விட்டுவிடுகிறோம். வட கரோலினாவில் நடந்தது வேறு மாதிரி.

2011இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர் ஒருவர், ஆடத் தகுதியற்றவர் என்று தம்மை அறிவித்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவர் எழுதிய ஒரு பாடக் கட்டுரையும் வழக்கு ஆவணங்களோடு இணைக்கப்பட்டிருந்தது. நீதிமன்ற ஆவணம் என்பதால் அதை எவரும் படிக்கலாம். பக்கத்து நகரமான ராலேயில் இருக்கும் போட்டிப் பல்கலைக்கழகத்தின் ரசிகர்கள் அதைப் படித்தார்கள். வரி வரியாக இணையத்தில் தேடினார்கள். கட்டுரையின் பல பகுதிகள் வேறு நூல்களிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை என்று கண்டுபிடித்தார்கள். பல்கலைக்கழகமும் என்.சி.ஏ.ஏ.வும் கவனிக்காத ஒன்றைப் பகைமை கண்டுபிடித்தது. அன்பு கண்ணை மறைக்கும் என்றால், வெறுப்பு பூதக்கண்ணாடியாகும் போலும்.

ஆனால் அந்த நூலிழையைப் பிடித்து இழுத்து முடிவுவரை போனது நாளிதழ். ராலேயின் நியூஸ் அண்ட் அப்சர்வர் செய்தியாளர் டான் கேன், பொது ஆவணங்களைக் கேட்டுக் கேட்டு, ஆண்டுக்கணக்கில் எழுதினார். ஒரு துறையில் வகுப்பே நடக்காமல் மதிப்பெண் வழங்கப்பட்டது மெல்ல மெல்ல வெளிவந்தது. 2014 அக்டோபரில் வெளியான விசாரணை அறிக்கை, 18 ஆண்டுகளில் 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் அத்தகைய பாடங்களில் சேர்ந்திருந்ததாகவும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள் என்றும் கூறியது.

அடுத்து வந்ததுதான் புதியவர்களைத் திகைக்க வைக்கும். 2017இல் என்.சி.ஏ.ஏ. அந்தப் பாடங்கள் தொடர்பாகப் பல்கலைக்கழகத்தைத் தண்டிக்க முடியாது என்று முடிவு செய்தது. அந்த வகுப்புகள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன, ஆகவே வீரர்களுக்கு மட்டும் கிடைத்த சலுகையாக நிறுவ முடியவில்லை என்பது காரணம். ஏமாற்று எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால் விளையாட்டு விதி மீறப்படவில்லை! பொது அறத்தைக் கொண்டு அளந்த நாளிதழ்களுக்கு இது அவமானம். விதிப் புத்தகத்தைக் கொண்டு அளந்த அந்த அணியின் ஆதரவாளர்களுக்கோ எதிர்பார்த்த வாதத்தின் வெற்றி.

இதுவரை பார்த்ததில், நாளிதழ் நடத்தையை அளக்கிறது, வலைப்பதிவர் விதியை அளக்கிறார், போட்டி அணியின் வலைப்பதிவர் யாரும் பார்க்காத இண்டு இடுக்கில் சான்று தேடுகிறார்.

ஒவ்வொருவரும் எதைப் பேசுவதில்லை

கேள்விகளைப் போலவே மௌனங்களும் அமைப்பிலிருந்தே வருகின்றன. நாளிதழில் ஓர் அணியை அன்றாடம் பின்தொடர்ந்து எழுதும் செய்தியாளர், பயிற்சியாளரின் செய்தியாளர் கூட்டத்துக்கும் வீரர்களின் நேர்காணலுக்கும் அணி தரும் அனுமதியை நம்பி வேலை செய்கிறார். அனுமதி கொடுப்பவரால் அதைப் பறிக்கவும் முடியும். 2007இல் லூயிவில் நகரின் கூரியர்-ஜர்னல் செய்தியாளர் ஒருவர், கல்லூரி பேஸ்பால் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே இணையத்தில் பதிவிட்டார் என்பதற்காகச் செய்தியாளர் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். முறைகேட்டைப் பற்றியல்ல, வெறும் ஆட்டத்தைப் பற்றி எழுதியதற்கே அந்த நிலை. அதனால்தான் பெரிய முறைகேடுகளை, அன்றாடச் செய்தியாளரைக் காட்டிலும் தனிப் புலனாய்வுக் குழுவோ வெளியூர் ஊடகமோ கொண்டுவருவது அடிக்கடி நடக்கிறது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வீரர்கள் தங்கள் பரிசுப் பொருள்களை விற்றதும், பச்சை குத்திக்கொள்ளச் சலுகை பெற்றதும் பயிற்சியாளர் ஜிம் டிரெசலுக்கு முன்பே தெரியும் என்பதை 2011 மார்ச்சில் வெளியிட்டது யாஹூவின் விளையாட்டுப் பிரிவு. அந்த ஆண்டு மே மாத இறுதியில் அவர் பதவி விலகினார்.

வலைப்பதிவருக்கு இழக்க அனுமதி எதுவும் இல்லை என்பது அவருடைய பெரும் சுதந்திரம். ஆனால் அவரிடம் வாசகர் இருக்கிறார். அணியை நேசிப்பவர்கள் மட்டுமே வந்து படிக்கும் இடத்தில், "நம்மவர்கள் தவறு செய்துவிட்டார்கள், தண்டனை நியாயமானது" என்று எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும். எழுதுபவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கிடைக்கும் வசவு நாளிதழுக்குக் கிடைப்பதற்குக் குறைந்ததல்ல. அதோடு, முன்னாள் வீரர்களைத் தேடிப் போய்ப் பேச வைப்பதற்கும், ஆவணம் தர மறுக்கும் அலுவலகத்தோடு வழக்காடுவதற்கும் தனி மனிதருக்குப் பணமும் நேரமும் அரிது. ஆகவே வலைப்பதிவர் பெரும்பாலும் பிறர் கொண்டுவந்ததைப் பிரித்துப் பார்ப்பவராகவே இருக்கிறார்.

விதி மாறினாலும் வழக்கம் மாறவில்லை

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீரர்களுக்கான கல்வி சார்ந்த பயன்களுக்கு என்.சி.ஏ.ஏ. விதித்த வரம்புகளுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் ஈட்ட அனுமதிக்கப்பட்டார்கள். 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். கென்டக்கியில் கைகுலுக்கலுக்குள் மறைந்திருந்தது இன்று ஒப்பந்தமாகக் கையெழுத்தாகிறது. பணத்தைச் சுற்றிய முறைகேட்டுச் செய்திகளில் பெரும்பகுதி இதனால் காலாவதியாகிவிட்டது.

ஆனாலும் இரு தரப்பும் பிரியும் விதம் அப்படியே இருக்கிறது என்பதை மீண்டும் மிச்சிகனே காட்டியது. எதிரணிகள் களத்துக்கு அனுப்பும் சைகைகளைப் படித்தறிவதற்காக, மிச்சிகனின் பணியாளர் ஒருவர் மூன்று ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்கு நுழைவுச் சீட்டு வாங்கியிருந்தார் என்ற செய்தி 2023 அக்டோபரில் வெளிவந்தது. முதலில் எழுதியவை யாஹூ, ஈஎஸ்பிஎன் போன்ற தேசிய ஊடகங்கள். மிச்சிகன் தரப்பு உடனே விதிப் புத்தகத்தைத் திறந்தது: சைகையைப் படிப்பது குற்றமல்ல, வருங்கால எதிரணியின் ஆட்டத்தை நேரில் போய் வேவு பார்ப்பதையே 1994ஆம் ஆண்டு விதி தடுக்கிறது, அதனால் கிடைத்த ஆதாயம் எவ்வளவு என்று யாராவது காட்ட முடியுமா? மிச்சிகனின் பரம எதிரியான ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரசிகர்களோ பழைய ஆட்டக் காணொளிகளை ஓட்டி ஓட்டி அந்தப் பணியாளர் எங்கெங்கே நிற்கிறார் என்று தேடத் தொடங்கினார்கள்.

அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் கடைசி மூன்றுக்குப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா இடைநீக்கம் செய்யப்பட்டார். அணி 2024 ஜனவரியில் தேசியப் பட்டத்தை வென்றது. 2025 ஆகஸ்டில் வந்த என்.சி.ஏ.ஏ. தீர்ப்பு கோடிக்கணக்கான டாலர் அபராதம் விதித்தது, ஆனால் வெற்றிகளையும் பட்டத்தையும் தொடவில்லை. மிச்சிகன் ஆதரவாளர்கள் அந்தத் தீர்ப்பில் முதலில் தேடிப் பார்த்தது பட்டம் தப்பியதா என்பதை. மற்றவர்கள் அதே தீர்ப்பைக் காட்டி, பணக்காரப் பல்கலைக்கழகத்துக்கு அபராதமெல்லாம் ஒரு தண்டனையா என்று கேட்டார்கள்.